ஐஸ் பேக்டரி வளைவில் ஒரு பள்ளம்

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகும் ஒருவன் ஓடுகிறான் என்றால், ஒன்று அவனை நாய் துரத்த வேண்டும், இல்லையென்றால் அவனுக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும். முப்பது வருஷமாகச் சைக்கிள் மிதிக்கிறவன் என்ற திமிரில் இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காதர் பாயிடம் மட்டும் குறைந்தது ஐம்பது தடவை சொல்லியிருப்பேன். கடைசியில் அந்த வசனத்தை அவர்தான் என் முகத்தில் திருப்பி எறிந்தார். அதனால்தான் ஐம்பத்திரண்டாவது வயதில், கோயம்புத்தூர்க்காரனாகிய நான், தண்டையார்பேட்டைத் தெருக்களில் ஓடக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

காதர் பாய் தண்டையார்பேட்டையில் சைக்கிள் டயர், டியூப் கடை வைத்திருப்பவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். பதினெட்டு வருஷத்துக்கு முன் ஒரு நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தில், திண்டிவனத்தைத் தாண்டி என் செயின் அறுந்து நடுவெயிலில் நின்றபோது, முன்பின் தெரியாத அவர் இறங்கி உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தார். அன்று தொடங்கிய சிநேகம். ஒவ்வொரு பொங்கல் விடுமுறைக்கும் எங்காவது ஓர் ஊரில் சந்தித்து நாலைந்து நாள் சேர்ந்து மிதிப்போம்.

எப்போதும் அவர் முன்னால், நான் பின்னால். ஏனென்றால் நான் மிதித்துக்கொண்டே கனவு காண்கிற ஆள். ஒரு புளியமரமோ, மேகமோ கண்ணில் பட்டால் போதும், ரோடு மறந்துவிடும். ரோட்டைப் பார்ப்பது அவர் வேலை. பள்ளம் வந்தால் திரும்பிப் பார்க்க மாட்டார், வாயைத் திறக்க மாட்டார். கையைக் கீழே நீட்டி இரண்டு ஆட்டு ஆட்டுவார். வரிசையாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் வழக்கம் அது. காற்றில் கத்தினால் பின்னால் வருகிறவனுக்குக் கேட்காது. பதினெட்டு வருஷம் அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் பல் உடையாமல் இருக்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் பிரியும்போது, "எங்க ஊருக்கு ஒரு வாட்டி வா நைனா" என்பார். வருகிறேன், வருகிறேன் என்று சொல்லியே ஓட்டிவிட்டேன். போன வருஷம் சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டது. அதன் பிறகு அவர் போனை எடுப்பதில்லை. ஒரு நாள் அவர் மனைவி ஜமீலா அக்கா கூப்பிட்டார்.

"அண்ணே, அவரு வாசப்படி தாண்டி எட்டு மாசம் ஆவுது. நம்ம கடை நாப்பது தப்படியில கீது. அதுக்குக்கூட வர மாட்டேன்றாரு. சைக்கிள வித்துடுன்றாரு. நீங்க வந்து ஒரே ஒரு வாட்டி அவர வெளியில கூட்டிகினு போயிட்டா போதும். அப்பால நான் பாத்துக்கறேன்."

மறுநாளே கிளம்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது. கண் தெரிந்த காலத்தில் ஒரு தடவை வந்திருக்கலாம்.

எங்கள் ஊரில் ரயிலை விட்டு இறங்கினால் காற்றுக்கு வாசனை என்று ஒன்றும் கிடையாது, கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும், அவ்வளவுதான். தண்டையார்பேட்டையில் காற்று வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டது. காதர் பாய் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் அவருடைய நீலச் சைக்கிள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜமீலா அக்கா பாயாவும் இடியாப்பமும் கொண்டுவந்து வைத்தார். நான் ரசித்துச் சாப்பிட, அவருக்குக் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் வந்தன.

"இன்னா வாட அடிக்குது சொல்லு" என்றார், எடுத்த எடுப்பில்.

"கேஸ் மாதிரி இருக்குதுங்க பாய். கண்ணெல்லாம் எரியுது."

"அப்ப காத்து மேக்கால மணலி பேக்டரிங்க பக்கத்துலேர்ந்து வருது. கவுச்சி வாட வந்துச்சுன்னா கடல்காத்து. கண்ணு போனப்பறம் எனக்கு டிவி, பேப்பரு எல்லாம் இதான்." சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

நான் வழியெல்லாம் போட்டு வைத்திருந்த திட்டத்தை அவிழ்த்தேன். அவரைக் கேரியரில் உட்கார வைத்துக் கடலோரம் கூட்டிப் போவது. "மூட்டையாட்டம் கட்டி ஏத்திகினு போவியா?" என்றார். சரி, இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும் என்றேன். "ஹேண்டில்பாரு உன் கைல, நான் பின்னாடி குந்திகினு சும்மா மிதிக்கணும். நான் இன்னா பம்ப்பு செட்டா?" என்றார். பிறகு தன் தொடையைத் தட்டிக் காட்டினார். "ஓடறியா, சொல்லு. ஓடறதுன்னா வரேன். அது என் காலு. நீதான் சக்கரத்த கண்டுபிடிச்சப்பறம் ஓடறவன் பைத்தியம்னு சொல்ற ஆளாச்சே. போ, போயி டீ குடிச்சிட்டு ஊரு போய் சேரு."

என்னைக் கழற்றிவிடத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரிங்க, ஓடலாம்" என்று சொல்லிவிட்டேன். ஜமீலா அக்கா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அவரை இழுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன் நான் தனியாக ஓடிப் பார்க்க வேண்டாமா? மறுநாள் விடியற்காலையில், வண்ணாரப்பேட்டையில் வாங்கிய புது ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் பத்து நிமிஷம் பறந்தேன். முப்பது வருஷம் மிதித்த நெஞ்சு அல்லவா, மூச்சே வாங்கவில்லை. இவ்வளவுதானா ஓட்டம் என்று இளக்காரமாக நினைத்தேன். அடுத்த ஐந்தாவது நிமிஷம் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன. நெஞ்சு போகலாம் என்கிறது, கால் ஐயோ என்கிறது. சைக்கிள் என்றால் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் உருட்டிக்கொண்டே போகலாம். ஓட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. நின்றால் நின்றதுதான்.

இதில் இன்னொரு கூத்து. பெரிய ரோட்டில் வலது பக்கம் திரும்புமுன் என் கை தானாக நீண்டுவிட்டது, சைக்கிள்காரன் வழக்கம். உடனே ஒரு ஷேர் ஆட்டோ வந்து என் பக்கத்தில் நின்றது. "டோல்கேட்டு, தேரடி, ஏறு சார்" என்றார் டிரைவர். இல்லை என்று தலையாட்டி ஓடினேன். அடுத்த திருப்பத்தில் மறுபடி கை, மறுபடி அதே ஆட்டோ. மூன்றாவது தடவை டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "இன்னா சார் பேஜாரு பண்ற? ஒண்ணு ஏறு, இல்ல ஓடு. காலைல போணி நேரத்துல தாவு தீக்கறியே!" உள்ளே கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நொண்டியபடி வீடு வந்து சேர்ந்தேன்.

கதையைச் சொன்னபோது காதர் பாயின் உதடு கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான். ஆனால் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மறுநாள் காலை ஜமீலா அக்கா கடையிலிருந்து பழைய சைக்கிள் டியூப் ஒன்றை முழ நீளத்துக்கு வெட்டிக் கொண்டுவந்தார். ஒரு நுனி என் இடது கையில், மறு நுனி அவர் வலது கையில். வாசலில் இரண்டு படி. முதல் படியில் நின்றவர் நெடுநேரம் நின்றார். தெருவில் தண்ணீர்க் குடத்தோடு போனவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அமைதி அவருக்குக் கேட்டிருக்கும். "வேடிக்க பாக்கறாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். "யாரும் இல்லீங்க" என்று பொய் சொன்னேன். இறங்கிவிட்டார்.

அன்று நாங்கள் ஓடியது மொத்தம் நாலு தெரு. ரப்பர் இழுபட்டு இழுபட்டு நான் முன்னே போக, அவர் தடுமாற, டியூபை இரண்டாக மடித்துப் பிடித்துக்கொண்டோம். பள்ளம், வேகத்தடை, மாடு என்று நான் கத்திக்கொண்டே வந்தேன். கடை வாசலில் ஜமீலா அக்கா நின்றுகொண்டிருந்தார். நாங்கள் கடந்து போகும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அன்று மத்தியானம் அவர் நெத்திலி வறுத்தார். அரிசியும்பருப்புச் சோறு தின்று வளர்ந்த நாக்கு எனக்கு, இருந்தும் மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றேன்.

நான்காம் நாள் கடலைப் பார்க்கப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். 'பார்க்க' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கண்டுகொள்ளவில்லை. காசிமேட்டுப் பக்கம் போகிற தெருவில் ஒரு ஐஸ் பேக்டரி இருக்கிறது. அதன் மோட்டார் சத்தம் தூரத்திலிருந்தே தேனீக்கூடு மாதிரி கேட்கும். அதைத் தாண்டியதும் தெரு வளையும், வளைவில் சட்டென்று கடல் தெரியும். விடியும் நேரம். துறைமுகத்துக்கு இடம் கிடைக்காத கப்பல்கள் தூரத்தில் விளக்கு அணைக்காமல் நிற்கின்றன, நடுக்கடலில் யாரோ ஒரு தெருவைக் கட்டி வைத்தது போல. காலை ஓட்டத்தில் நான் இருப்பது கோயம்புத்தூரா, சென்னையா, இது இந்த வருஷமா, பதினெட்டு வருஷத்துக்கு முன்பா என்று ஒன்றும் தெரியவில்லை. கால் வலி இல்லை. பக்கத்தில் காதர் பாயின் மூச்சு, சைக்கிளில் கேட்ட அதே மூச்சு.

வளைவில் ஒரு பள்ளம். நான் அதைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பார்த்ததும் என் இடது கை கீழே நீண்டு இரண்டு ஆட்டு ஆட்டியது. விரலை நீட்டினேன் அல்லவா, டியூப் கையை விட்டுப் போய்விட்டது. நான் வலது பக்கம் ஒதுங்கினேன். அவர் நேராகப் பள்ளத்தில் போய் விழுந்தார்.

ஐயோ என்று நான்தான் கத்தினேன். அவர் சத்தமே போடவில்லை. முழங்காலும் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து ரத்தம். வலை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். "கண்ணு தெரியாதவர இப்டியா ஓட வுடுவே? அறிவு கீதா?" என்று என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். வீடு வந்து சேர்ந்தோம். ஜமீலா அக்கா மஞ்சளும் டிஞ்சரும் எடுத்து வந்தபோது காதர் பாய் சொன்னார்: "இவன் மேல தப்பில்ல. குருடன் ரோட்டுக்குப் போனதுதான் தப்பு." உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அறைக் கதவு திறக்கவில்லை. ஊருக்கு என் டிக்கெட் அதற்கு அடுத்த நாளைக்கு. வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஜமீலா அக்கா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் டீ போட்டுக் கொடுத்தார். எண்ணூர் முகத்துவாரத்தையாவது பார்க்கலாம் என்று மின்சார ரயில் ஏறினேன். ஜன்னலில் திருவொற்றியூர் போயிற்று, சரக்கு வண்டிகள் போயின, கூரைகளுக்கு மேலே புகைபோக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. நான் பாட்டுக்கு அந்தக் கையை நினைத்துக்கொண்டே இருந்தேன். எதிரில் இருந்த அம்மா தட்டி, "நீ எங்க எறங்கணும்பா?" என்று கேட்டபோது எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் வந்துவிட்டிருந்தது. இதுதான் நான். இந்த ஆளை நம்பி ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். அந்தப் பிளாட்பாரத்தில், அனல்மின் நிலையப் புகையைப் பார்த்தபடி, திரும்பும் வண்டிக்காக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முகத்துவாரத்தையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை.

சாயங்காலம் வரும் வழியில் ஒரு வண்டிக்கடையில் அத்தோ வாங்கினேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் இந்தப் பக்கம் கொண்டுவந்த நூடுல்ஸ். முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். காதர் பாய்க்குப் பிடிக்கும் என்று பொங்கல் பயணங்களில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். பொட்டலத்தோடு அவர் அறைக்குள் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மன்னிச்சுக்கோங்க பாய்."

"வுடு. கை வலிச்சிருக்கும், டியூப வுட்டுட்ட. நானா இருந்தாலும் வுட்டிருப்பேன். எத்தினி நாளைக்குத்தான் ஒருத்தன் ஒருத்தன புட்சிகினு ஓடுவான்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அலுத்துப்போய் அவரைக் கைவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றரை நாளாக அந்த இருட்டில் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

"அலுத்துப்போய் விடலீங்க. பள்ளத்தைப் பார்த்தேன். உங்களுக்குக் கையைக் காட்டினேன்."

"இன்னா காட்ன?"

"கைங்க. நீங்க காட்டுவீங்களே, அப்படி. நீட்டுனதுல டியூப் விட்டுப்போச்சு."

கட்டில் கிரீச்சிட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எனக்கா? எனக்குக் கைய காட்னியா? பீச்சாங்கையா, சோத்தாங்கையா?"

"இடது கைதானுங்க."

"கீழ நீட்டி ஆட்னியா? ரெண்டு வாட்டி?"

"ஆமாங்க."

முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமி, உரிந்த உள்ளங்கையால் தொடையில் அடித்து, "யம்மாடி" என்று வலியில் கத்தி, மறுபடியும் சிரிப்பு. ஜமீலா அக்கா கரண்டியோடு ஓடிவந்தார். "ஏய் ஜமீலா, கேட்டியா? இந்த கஸ்மாலம் குருடனுக்குக் கைய காட்டிகீறான்!"

"கண்ணு இல்லாத ஆளுக்கு யாராச்சும் கைய காட்டுவாங்களாண்ணே?" என்று இரண்டு நாள் கோபத்தையும் சேர்த்து என்னைப் பிடித்துக்கொண்டார் அக்கா. திட்டிக்கொண்டே அவரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் காதர் பாய் கையை நீட்டித் துழாவி என் தலையைக் கண்டுபிடித்து ஒரு குட்டு வைத்தார். "எட்டு மாசமா என்னாண்ட வர்றவன் எல்லாம், நான் குருடன்னு ஞாபகம் வச்சிகினே பேசறான் நைனா. பெத்த புள்ளங்க கூட. நீ ஒருத்தன்தான் மறந்துட்ட. எங்க அந்த அத்தோ? வாட வந்துகினே கீது, தர மாட்டேன்றே." சர்க்கரைக்காரர், ஒரு கைப்பிடிதான் கொடுக்கலாம் என்றார் அக்கா. இரண்டு கைப்பிடி தின்றார்.

கடைசி நாள் விடியலில் நான் எழுந்தபோது அவர் ஷூ போட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் துணிக்கட்டு. டியூப் மடித்துக் கையில். "எய்ந்துட்டியா? வா. நேத்து போன வழியே போலாம்." நேற்றில்லை, முந்தாநாள் என்று நான் திருத்தவில்லை.

"அந்தப் பக்கம் வேண்டாங்க பாய்."

"வுயுந்த எடத்துலயே எய்ந்துகினாதான் அப்பால வண்டி ஓட்ட வரும். சைக்கிள் கத்துக்கும்போது உனக்கு யாரும் சொல்லித் தர்ல?"

டியூபை இந்த முறை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். ஓடினோம். தெருவில் யாரோ, "பாய், நல்லா கீறீங்களா?" என்று கேட்டார்கள். "நல்லா கீறேன், நல்லா கீறேன்" என்று ஓடிக்கொண்டே பதில் சொன்னார். கெண்டைக்கால் பழகிவிட்டிருந்தது. இரண்டு பேருடைய காலும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன, ஒரே ஆள் ஓடுகிற சத்தம். ஐஸ் பேக்டரி மோட்டார் கேட்டது. கிட்டே வந்தது. பின்னால் போயிற்று.

வளைவில் கடல் தெரிந்தது. அன்று கப்பல்களின் விளக்கை விடியல் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தது. படகுகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. ஒரு படகில் யாரோ நின்றபடி தலை வாரிக்கொண்டிருந்தார். இவ்வளவு தண்ணீருக்கு நடுவே ஒருவர் நிதானமாகத் தலை வாருகிறாரே என்று பார்த்தேன். சீப்பை உதறினார், மறுபடி வாரினார். நானும் அந்தப் படகிலேயே ஏறிக்கொண்டு விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ரோடு இல்லை, பள்ளம் இல்லை, ஊருக்குப் போகிற ரயில் இல்லை.

கண் ஓரத்தில் ஏதோ ஆடியது. திரும்பினேன்.

காதர் பாயின் இடது கை. கீழே நீண்டு, இரண்டு ஆட்டு ஆட்டியது. முகம் நேரே முன்னால். வாய் திறக்கவில்லை.

நான் எதையும் யோசிக்கவில்லை. பதினெட்டு வருஷப் பழக்கம், உடம்பு தானாக வலது பக்கம் ஒதுங்கியது, டியூப் அவரையும் சேர்த்து இழுத்து வந்தது. பள்ளம் எங்கள் இடது பக்கமாகப் போயிற்று. நேற்றுப் பெய்த தூறலில் அதில் தண்ணீர் நின்றிருந்தது.

"எப்படிங்க பாய்?" என்றேன்.

"மோட்டார் சத்தம் முதுவுக்குப் பின்னாடி போனா அப்பால இருவத்திரெண்டு எட்டு. ராத்திரி பூரா படுத்துகினு எண்ணிப் பாத்தேன். இந்த எடத்துல உனக்கு கடல் தெரியும். நீ ரோட்ட பாக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

நான் மூக்கை உறிஞ்சினேன். கண் மறைத்தது, எதிரே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

"இன்னா நைனா, ஜல்ப்பு புட்சிகிச்சா?"

"இல்லீங்க. மணலிக் காத்து. கண்ணு எரியுது."

காதர் பாய் ஓட்டத்தை நிறுத்தாமல் மூக்கைத் தூக்கி ஒரு இழுப்பு இழுத்தார்.

"இன்னிக்குக் காத்து கடல்லேர்ந்து அடிக்குது" என்றார். டியூபைச் சுண்டி இழுத்தார். "ஓடு."